பெருக்கி வைத்த காடு

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்கு வருவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, என் வீட்டுக்காரருக்கு நடக்கிற ஆசை வந்தது. அதற்கு முன் அவர் நடந்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. தினமும் ஆபீசுக்கு நடந்துதான் போனார். ஆனால் அது போய்ச் சேருவதற்காக நடப்பது. இது வேறு. எங்கும் போய்ச் சேராமல், போன வழியே திரும்பி வருவதற்காக நடப்பது.

எல்லாம் அவருடைய ஆபீஸ் துரையைப் பார்த்து வந்தது. துரை ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்குப் போவார். போகும்போது எல்லார் மேலும் எரிந்து விழுந்துவிட்டுப் போவார். பத்து நாள் கழித்து, அவித்த இறால் போலச் சிவந்து, சிரித்துக்கொண்டே வருவார். வந்த ஒரு வாரத்துக்கு ஆபீசில் கோப்புகள் பறக்காது. இதற்குக் காரணம் துரைக்குக் கிடைத்த லீவு என்று அவரோடு குமாஸ்தா வேலை பார்த்த மற்ற கிராணிகள் நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும்தான் அது மலை என்று கண்டுபிடித்தார்.

“நம்ம ஊரு காத்துல கரிப்புகைதான் இருக்கு. மலைக் காத்துல ஓசோன் இருக்கு” என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது.

“இங்க ரசம் இருக்கு. ஊத்தவா?” என்றேன்.

ஓசோன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது பின்னால் தெரிந்தது.

முதலில் அவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார். இயற்கை உலாவிகள் சங்கம். தந்தி ஆபீஸ்காரர் ஒருவரும் தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவரும் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் ஏரித் தோட்டத்துக்குப் போனார்கள். தந்திக்காரர் முதல் பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வாத்தியார் இரண்டாம் வாரம், ஒரு மாணவனின் தகப்பனார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் திசையில் உலாவப் போனவர் பிறகு வரவே இல்லை. மூன்றாம் வாரத்து நடவடிக்கைக் குறிப்பை நானே படித்தேன். “வருகை: ஒருவர். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின” என்று எழுதியிருந்தார். அப்படி நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று, சங்கம் மலைக்குப் போவது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் சொன்னேன். “ஓ, மாக்கான் ஆங்கினா!” என்று சிரித்தார். காற்றைச் சாப்பிடப் போவது என்று அர்த்தம். நாம் காற்று வாங்குகிறோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள். துரைமார் மட்டும் காற்றை மாற்றுகிறார்கள், சட்டையை மாற்றுவது மாதிரி.

ஆனால் மலையில் எங்கே தங்குவது? கோலகுபுவுக்கு மேலே, மேகத்துக்குள் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இருந்த பங்களாக்கள் எல்லாம் துரைமாருக்கு. நம்மவர்கள் தங்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் பலகை மிச்சம். நம் ஆட்கள் அங்கே போவதானால் சமைக்கப் போவார்கள், தோட்டம் பார்க்கப் போவார்கள், ரோடு போடப் போவார்கள். காற்று வாங்கப் போகிறேன் என்று யாரும் போனதில்லை.

ரோடு போடப் போனவர்களில் என் பெரியப்பா மகளும் ஒருத்தி. கிள்ளானில் நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தோம். அக்காவின் புருஷன் மராமத்து இலாகாவில் ரோட்டுக் கங்காணி. மலையில் பாதை வெட்டப் போன கூட்டத்தோடு போய், அங்கேயே கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் தங்கிவிட்டார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அவர்களைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“உங்க அக்கா ஒருத்தங்க மலையில இருக்காங்கல்ல? என்ன இருந்தாலும் சொந்தத்த விட்டுடக் கூடாது.”

நான் கடிதம் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. “வாங்க. குளிரும். கம்பளி கொண்டு வாங்க. கருவாடு கொண்டு வாங்க. மறக்காம கருவாடு.”

அவர் பயணத்துக்குத் தயாரானார். சீனன் கடையில் அளவு கொடுத்து முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் தைத்தார். காக்கி அரைக்கால் சட்டை, சோலாத் தொப்பி, நுனியில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி, பறவைகளின் பெயரை எழுத ஒரு நோட்டுப் புத்தகம். நான் ஒரு கூடைக் கருவாடு எடுத்துக்கொண்டேன். ரயிலில் அவர் அந்தக் கூடைக்கு நாலு இடம் தள்ளி உட்கார்ந்தார். யாரோ மூக்கைப் பொத்தியபோது அவரும் பொத்தினார்.

கோலகுபு ரோடு ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கி, தபால் ஏற்றிப் போகிற பஸ்ஸில் ஏறினோம். முதல் வளைவில் அவர் காட்டின் அழகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் வளைவில் பேச்சு நின்றது. ஏழாம் வளைவில் தலையை வெளியே நீட்டினார். அதற்கப்புறம் மலை உச்சி வரைக்கும் இயற்கையை அவர் மிகக் கிட்டத்தில், குனிந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஒரு தடுப்புக் கதவு. அதற்கு மேலே ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஒரு மணி நேரம் ஏறுகிற வண்டிகளுக்கு, ஒரு மணி நேரம் இறங்குகிற வண்டிகளுக்கு. நாங்கள் போனபோது இறங்குகிற நேரம். பக்கத்தில் ஒரு துரையின் மோட்டார் காரும் நின்றது. துரையும் எங்களைப் போலக் காத்திருந்தார் என்பதில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அக்கா பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பிளைக் கம்பளிக் கோட்டு, தலையில் கோணிச் சாக்கு. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, முதலில் கூடையை வாங்கி மோந்து பார்த்தாள். “வாங்க தம்பி” என்றாள் அவரிடம். அதை அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் பின்னால் வந்த அவள் புருஷன், அஞ்சல் வாங்க வந்த பங்களாச் சமையல்காரர்கள் முன்னால், ஊரே கேட்கிற குரலில் “வாங்க சகலை!” என்று கத்தினபோது என் வீட்டுக்காரர் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ரயில்வே கிராணியும் ரோட்டுக் கங்காணியும் சகலை என்பது நிஜம்தான். அதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

லயம் ஊருக்குப் பின்பக்கம், சரிவில் இருந்தது. பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படிப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். ஊர் என்று சொன்னால் ஒரு வரிசைக் கடை, ஒரு தபால் ஆபீஸ், ரோஜாத் தோட்டம் வைத்த கல் வீடுகள், பழைய ஈயச் சுரங்கத்தை நிரவிப் புல் பரப்பிய ஒரு பந்து மைதானம். மீதியெல்லாம் காடும் பனியும்.

மறுநாள் விடியும்போதே அக்கா விளக்குமாறும் கையுமாகக் கிளம்பினாள். கூட ஏழெட்டுப் பெண்கள். “எங்கக்கா?” என்றேன்.

“காட்டக் கூட்ட.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் போனேன். விளையாட்டு இல்லை. காட்டுக்குள் துரைமார் உலாவுகிற பாதைகளில் உதிர்ந்த இலையை எல்லாம் பெருக்கித் தள்ளினார்கள். குறுக்கே நீண்ட கொடியைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். அட்டை ஏறாமல் இருக்க ஓரத்துப் புல்லைச் சிரைத்தார்கள். மரத்தில் பூத்துத் தொங்கின காட்டுப் பூவை மட்டும் தொடவில்லை, அது அழகுக்கு. எட்டு மணிக்கு எல்லாரும் ஓரத்து வழியாக இறங்கி மறைந்துவிட வேண்டும். எட்டரைக்கு இயற்கையைப் பார்க்கத் துரைமார் வருவார்கள்.

இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அது பராமரிப்பு. நீ சொல்றது வேற” என்றார்.

அன்றைக்கு அவர் நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன். ஒரு பறவை கூவியது. நோட்டைத் திறந்து, எதிரே வந்த அக்காவிடம், “இது என்ன பறவை?” என்றார்.

“இதா? காலையில கத்துற பறவை தம்பி.”

“பேரு?”

“அதான் பேரு. மத்தியானம் கத்துறது வேற.”

நோட்டை மூடினார். அக்கா புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசிக்கொள்ளச் சொன்னாள். அட்டை வராது என்றாள். பூட்ஸ் போட்டிருப்பவனுக்கு அது எதற்கு என்று மறுத்துவிட்டார். நான் பூசிக்கொண்டேன். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மூன்று அட்டைகள், திராட்சைப் பழம் போல உருண்டு, ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் இருந்ததால் அவை நிம்மதியாக, யாருடைய தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டிருந்தன. குதிகால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. “நல்ல காத்து” என்றார்.

மத்தியானம் அவர் படுத்துவிட்டார். நான் அக்காவோடு ஓடைப் பக்கம் கீரை பறிக்கப் போனேன். நுனி சுருண்ட காட்டுக் கீரை, ஓடை ஓரத்தில் மண்டிக் கிடந்தது. லயத்திலிருந்து ஓடைக்குப் பெண்கள் மட்டும் போய்வருகிற ஒற்றையடித் தடம் ஒன்று உண்டு. போகிற வழியெல்லாம் கிள்ளான் கதை பேசிச் சிரித்தோம். என் நினைவில் அந்த மலை என்றால் அந்த மத்தியானம்தான்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. முந்தின ராத்திரி மழை. “அருவிப் பக்கம் போகாதீங்க தம்பி, மண்ணு சரிஞ்சு கெடக்கு. கட்டையப் போட்டு மறிச்சிருக்கோம்” என்று அக்கா சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அருவியைப் பார்க்காமல் சங்கத்தின் அறிக்கையை எப்படி எழுதுவது? பாதையின் குறுக்கே மரக்கட்டை கிடந்தது. “இது கூலியாளுங்களுக்குப் போட்டது” என்று சொல்லிவிட்டு அவர் தாண்டினார். நானும் தாண்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டையைத் தாண்டுகிற பெண்ணை யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தேன்.

கால் மைல் போவதற்குள் பனி இறங்கியது. மூன்றடிக்கு முன்னால் நிற்கிற மரம் தெரியவில்லை. பாதை சேறாகி, சேறு சரிவாகி, எது வழி என்று தெரியாமல் நின்றோம். அப்போது பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைக்காரர், ஒரு கால் முழங்கால் வரை சேற்றில், கையில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற வலையோடு வெளிப்பட்டார். அவரும் கட்டையைத் தாண்டி வந்தவர்தான்.

என் வீட்டுக்காரர் விறைத்து நின்றார். கைத்தடி கீழே விழுந்தது. தொப்பியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, இதுதான் அந்த ஆபீஸ் துரை.

“குட்மார்னிங் சார்” என்றார். அந்தக் குரலில் ஆறு ஆண்டு மரியாதையும், இந்த இடத்தில் சந்தித்துவிட்டோமே என்ற பெருமையும் இருந்தன. துரையின் அறைக் கதவுக்குப் பத்தடியில்தான் இவருடைய மேஜை. தினமும் காலையில் துரை அதைக் கடந்துதான் உள்ளே போவார்.

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். காக்கி அரைக்கால் சட்டை, பூட்ஸ், தொப்பி. நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்திருந்ததால் துரை இங்கிலீஷில் சொன்னது புரிந்தது.

“நீதான் ரோட்டு ஓவர்சியரா? இந்தப் பாதையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய்?”

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் உங்கள் கிராணி சார் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து கைத்தடியை எடுத்தார். பிறகு, “நாளைக் காலைக்குள் சரி செய்கிறேன் சார்” என்றார்.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரைக் கேலி பண்ணுகிற எண்ணம் எனக்குச் சில நாள் வரவில்லை.

துரை வழியைக் கேட்டார். ஓவர்சியருக்கு வழி தெரியவில்லை. அப்போது எனக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முந்தின நாள் கீரை பறித்த ஓடை அது. அதைப் பிடித்தால் பெண்களின் ஒற்றையடித் தடம்.

“இக்குட் சினி, துவான்” என்றேன், என் பின்னால் வாங்க என்று. மலாயில் சொன்னால் துரைக்குப் புரியும்.

நான் முன்னால், துரை நடுவில், என் வீட்டுக்காரர் கடைசியில். சரிவில் துரை இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறையும் என் வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்கினார். போகிற வழியெல்லாம் துரை வடிகால், கல் சுவர், கூலிகளின் சோம்பல் என்று ஓவர்சியருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். “எஸ் சார், எஸ் சார்” என்று பின்னால் பதில் வந்தது. முக்கால் மணி நேரத்தில் லயத்தின் புகை வாசனை வந்தது.

அக்கா மூன்று பேரையும் அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள். தகரக் கோப்பையில் டின் பால் ஊற்றித் தேத்தண்ணி கொடுத்தாள். துரை இரண்டு கோப்பை குடித்தார். எழுந்திருக்கும்போது கங்காணியிடம், என் வீட்டுக்காரரைக் காட்டி, “உங்க ஓவர்சியர் நல்ல ஆள்” என்று மலாயில் சொன்னார்.

கங்காணி தன் சகலையைப் பார்த்தார். அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா துவான். ரொம்ப நல்ல ஆளு” என்றார் கங்காணி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

துரையின் தலை மறைந்ததும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கங்காணி தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, “அப்புறம் சகலை, நாளைக்குக் காலையிலன்னு சொல்லிட்டீங்க. ரெண்டு நாள் வேலை அது. என்ன செய்யலாம்?” என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“நானும் வரேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் விடியற்காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டு, வெறுங்காலோடு வந்தார். பாராங் கத்தியைக் கொடுத்தால் சகலையின் காலில் ஒன்று போய்விடும் என்று கங்காணி கணக்குப் போட்டு விளக்குமாற்றைக் கொடுத்தார். ஆண்கள் மண்ணை வாரிக் கொட்ட, பெண்கள் கல்லைச் சுமக்க, அவர் பெருக்கினார். பெருக்கத் தெரியவில்லை. இலையை முன்னால் தள்ளி, காற்று வீசினதும் அதையே மறுபடியும் தள்ளினார். “காத்துக்கு எதிரா கூட்டாதீங்க தம்பி!” என்று பெண்கள் கத்தினார்கள். கையில் கொப்புளம் வந்தது. எட்டு மணிக்கு எல்லாரும் இறங்க வேண்டும் என்றபோதும் வேலை மிச்சம் இருந்ததால் இறங்கவில்லை.

அப்போது துரை வந்தார், பக்கத்தில் அவருடைய துரைசாணி. நாங்கள் எல்லாரும் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். என் வீட்டுக்காரரும் விளக்குமாற்றோடு நின்றார். தலையைக் குனியவில்லை. துரை எங்கள் எல்லாரையும் ஒரு மூங்கில் புதரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு கடந்து போனார். நேற்றைய ஓவர்சியரைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போகும்போது துரைசாணியிடம் கையை நீட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

“என்ன தம்பி சொல்றாரு?” என்றாள் அக்கா.

என் வீட்டுக்காரர் விளக்குமாற்றைத் தரையில் ஊன்றினார். பிறகு, “இது மனுசன் கை படாத காடாம்” என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தோம். கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவரும் கொப்புளக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கல்யாணமாகி ஆறு ஆண்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினதும் அவர் பழைய ஆளாகிவிட்டார். இரண்டு வாரத்துக்கு எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. தந்திக்காரர் வந்தார், வாத்தியார் வந்தார். “நானும் துரையும் பனியில முக்கால் மணி நேரம் ஒண்ணா நடந்தோம். ரோட்டு நிலைமையைப் பத்தி ரொம்ப விவரமாப் பேசினாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சரிவுல இறங்கினாரு. ‘நல்ல ஆளு’ன்னு நாலு பேரு முன்னால சொன்னாரு” என்று சொல்வார். ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

“அம்மாவும் கூட இருந்தீங்களா?” என்று தந்திக்காரர் ஒரு முறை கேட்டார்.

“இருந்தேன்” என்றேன். அதோடு விட்டுவிட்டேன்.

லீவு முடிந்து துரையும் ஆபீசுக்கு வந்தார். முதல் சில நாள் காலையில், துரை மேஜையைக் கடக்கும்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து பார்த்தாராம். இதை அவர் சொல்லவில்லை. உடன் வேலை பார்த்த கிராணி ஒருவரின் மனைவி என்னிடம் சொன்னாள். அந்த ஆண்டுக் கடைசியில் துரைக்குப் பினாங்குக்கு மாற்றலானது. பிரிவுபசாரத்தில் ஆபீஸே சேர்ந்து போட்டோ எடுத்தார்கள். துரை நடுவில் நாற்காலியில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் கடைசி வரிசை. முன்னால் நிற்கிற, வங்காளி என்று நாங்கள் சொல்கிற சீக்கியரின் தலைப்பாகை மறைத்ததால் அவர் முகத்தில் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் தெரியும். கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் அவர் எங்கே என்று கேட்பார்கள். நான்தான் விரல் வைத்துக் காட்டுவேன்.